கிருபா என்ன பாவம் சொல்வாள்?

அன்புள்ள எபிக்கு,

உன் கடிதங்கள் இப்போதெல்லாம் தோத்திரத்தில் தொடங்கித் தோத்திரத்தில் முடிகின்றன. நடுவில் நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, அந்த இருமல் போயிற்றா என்று நான் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது. என் கடிதம் அப்படித் தொடங்காது என்பது உனக்குத் தெரியும். கடவுளிடம் சொல்ல வேண்டியதை நான் தனியாகச் சொல்லிக்கொள்வேன். உனக்கு எழுதும்போது உன்னிடம்தான் பேசுகிறேன். இதை உறையில் போட்டு ஒட்டித்தான் அனுப்புகிறேன் என்றாலும், உன் ஜெபக்குழு நண்பர்களுக்கு நீ படித்துக் காட்டினால் எனக்கு ஆட்சேபம் இல்லை. எங்களைப் பற்றி நீ சொன்னதை அவர்கள் கேட்டிருக்கிறார்கள். நாங்கள் சொல்வதையும் கேட்கட்டும்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேற்று சாயங்காலம் கிருபா வந்திருந்தாள். ஆஸ்பத்திரி வேலை முடிந்து நர்ஸ் உடுப்பிலேயே வந்துவிட்டாள். உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவள் என்னை அத்தை என்று கூப்பிட வேண்டும் என்று அவள் வீட்டில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் முசரவாக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து என்னிடம் சரித்திரம் படித்த பெண்ணுக்கு வாயில் அது வரவில்லை. "டீச்சர்... அத்தே..." என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிட்டு, வகுப்பில் நிற்பதுபோல மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றாள். உட்கார் என்றேன். உட்கார்ந்து, ஒரு சந்தேகம் கேட்கலாமா என்றாள். பிறகு கேட்டாள்: "நா என்ன பாவம்னு சொல்றது, டீச்சர்?"

எனக்கு முதலில் புரியவில்லை. போன ஞாயிறு ஆலயத்தில் உங்கள் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை வாசித்தார்கள், நீ மெட்ராஸிலிருந்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாய், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஆராதனை முடிந்ததும் நீ அவளைக் கிணற்றடிப் பக்கம் கூப்பிட்டு, மூன்றாவது ஓலை வாசிக்கும் ஞாயிறு அவள் சபை முன்னால் எழுந்து நின்று சாட்சி சொல்ல வேண்டும் என்று சொன்னதும், போதகர் ஐயாவிடம் அதற்கு நேரம் வாங்கிவிட்டேன் என்று சொன்னதும் எனக்கு எப்படித் தெரியும்? எந்த இருட்டில் இருந்தாள், வெளிச்சம் எப்படி வந்தது, உலகத்தின் எந்தெந்த இச்சைகளை விட்டுவிட்டாள் என்று வரிசையாகச் சொல்ல வேண்டுமாம். உன் குழுவில் கல்யாணம் செய்துகொள்ளும் பெண்கள் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்களாம். அந்தப் பெண் நாலு நாளாக ராத்திரி பகலாகத் தன் பாவங்களைத் தேடிக்கொண்டிருக்கிறாள். கிடைக்கவில்லை என்று என்னிடம் உதவி கேட்டு வந்திருக்கிறாள்.

"பத்தாவதுல உங்க பரிட்சைல பக்கத்துப் பொண்ண பாத்து எழுதினேன். அத சொல்லலாமா?" என்றாள். அது எனக்கு அப்போதே தெரியும் என்றேன். பக்கத்துப் பெண் தப்பாக எழுதியிருந்தாள், இவளும் அதே தப்பை எழுதியிருந்தாள், அதற்கான தண்டனை மார்க்கிலேயே கிடைத்துவிட்டது. கிருபா சிரித்தாள். சிரித்துக்கொண்டே அவள் கண் கலங்குவதைப் பார்த்தேன். "அதெல்லாம் சின்னதாம். அவரு சினிமா பாட்டு பாடறத பாவம்னு சொல்ல சொல்றாரு" என்றாள்.

எபி, நான் உன்மேல் கோபமாக இருக்கிறேன் என்று எழுத நினைத்தேன். அதுகூடச் சரியான வார்த்தை இல்லை. முப்பத்தைந்து பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் ஒரே பாடத்தை மூன்று தரம் நடத்திவிட்டு, கடைசியில் நன்றாகப் படிக்கிற பையனே எழுந்து சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால் வருமே ஒரு அலுப்பு, அதுதான் எனக்கு வந்தது. கோடை விடுமுறையில் நம் ஊர் மைதானத்தில் நடந்த சுவிசேஷக் கூட்டத்தில் நீ சாட்சி சொன்னபோதே இதைப் பேசியிருக்க வேண்டும். உன் அப்பா, "வுடு, புள்ளைக்கு மைக் கெடச்சா பேசத்தான் செய்யும்" என்றார். விட்டேன். இப்போது அது அந்தப் பெண்ணின் தலையில் வந்து விடிந்திருக்கிறது.

அன்றைக்கு நீ மேடையில் இருந்தாய், எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. ஆகவே வீட்டில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். குழாய் ஒலிபெருக்கி ஒன்றை நம் தெருமுனைப் புளிய மரத்தில் கட்டியிருந்தார்கள். நான் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். உன் அப்பா வழக்கம்போலப் பலகையில் கட்டம் போட்ட தாளை விரித்து ஒரு புடவைக் கரைக்கு டிசைன் போட்டுக்கொண்டிருந்தார். உன் குரல் கேட்டதும் எதிர்வீட்டில் தறிச் சத்தம் நின்றது. அந்தச் சரோஜா வீட்டில் எல்லாரும் நீ பேசுவதைக் கேட்க வாசலுக்கு வந்துவிட்டார்கள். பெருமையாகத்தான் வந்தார்கள். நீ கைக்குழந்தையாக இருந்தபோது தூக்கி வைத்துக்கொண்டவர்கள் இல்லையா?

நீ என்ன சொன்னாய் என்பது எனக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது. பெயரளவில் கிறிஸ்தவ வீடு என்றாய். ஜெபச் சத்தம் கேட்காத வீடு, ரேடியோச் சத்தம் மட்டும் கேட்ட வீடு என்றாய். உன் தகப்பன் வயிற்றுப் பிழைப்புக்கு விக்கிரகம் வரைகிறவர் என்றாய். ஒரே சினிமாவுக்கு உன்னைத் திரும்பத் திரும்ப அழைத்துப் போய் உலகத்தின் ருசியைக் காட்டினார் என்றாய். உன் தாயே உன்னைத் தோளில் தூக்கிவைத்து விக்கிரக ஊர்வலத்தைக் காட்டினாள், அந்நியர் வீட்டுத் திருவிழா மோரைக் குடிக்கவைத்தாள் என்றாய். ஒவ்வொன்றுக்குப் பிறகும் ஒரு நிமிஷம் நிறுத்தினாய். கூட்டம் உச்சுக்கொட்டுவது ஒலிபெருக்கியில் கேட்டது.

உன் அப்பா பென்சிலைக் கீழே வைத்தார். பையனுக்குக் குரல் நன்றாக இருக்கிறது என்றார். பிறகு தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "ஏம்மா, அன்னப்பறவ விக்கிரகமா?" மறுநாள் பட்டுக்கடையிலிருந்து யாளிக் கரை ஒன்று போட்டுத் தரச் சொல்லி ஆள் வந்தான். அதைத் தள்ளிப் போட்டார். மறுபடி ஆள் அனுப்பிக் கேட்டபோது கண் வலி என்று சொல்லி அனுப்பினார். அவருக்குக் கண் வலி இல்லை. இத்தனை வருஷத்தில் அவர் பொய் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான். அதைச் சொல்லவைத்தது உன் சாட்சி.

இப்போது நீ சொன்னவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன். சரித்திரம் சொல்லிக்கொடுக்கிறவளுக்கு அது ஒரு வியாதி என்று வைத்துக்கொள். அந்த சினிமா உனக்கு நினைவிருக்கிறதா? கதை என்ன என்று சொல் பார்க்கலாம். உனக்கும் தெரியாது, உன் அப்பாவுக்கும் தெரியாது. அந்தப் படத்தில் கதாநாயகி ஒரு மயில் கரைப் புடவை கட்டிக்கொண்டு வந்தாள். ஊர்ப் பெண்களெல்லாம் கடையில் வந்து அந்தப் புடவையைக் கேட்கிறார்கள் என்று பட்டுக்கடைக்காரர் உன் அப்பாவை அனுப்பினார். போய்ப் பார்த்து வரைந்துகொண்டு வர வேண்டும். அவர் இருட்டில் மடிமேல் தாளை வைத்துக்கொண்டு கதாநாயகி எப்போது திரும்பி நடப்பாள், முந்தானை எப்போது தெரியும் என்று காத்திருந்தார். முதல் தரம் கரை முழுதாகத் தெரிகிற நேரத்தில் கதாநாயகன் குறுக்கே வந்து நின்றுவிட்டான். வீட்டுக்கு வந்து, "அந்த ஆளு நவுந்துக்கினு இருந்தா வேல முடிஞ்சிருக்கும்" என்று உன் அப்பா நொந்துகொண்டது இன்னும் என் காதில் இருக்கிறது. அடுத்த தரம் உன்னைக் கூட்டிப்போனார். அவர் கரையில் ஓடும் கொடியைப் பார்ப்பார், நீ மயில்களை எண்ண வேண்டும். நீ எண்ணினாய். வெளியே வந்து, மயில்களில் ஒன்று மட்டும் திரும்பிப் பார்க்கிறது என்று நீ சொன்னபோது அவர் நம்பவில்லை. மறுபடி போய்ப் பார்த்தீர்கள். நீ சொன்னதுதான் சரி. இந்த ஊரில் அந்தக் கரையை நெய்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற மயிலை நெய்தார்கள், நீ கண்டுபிடித்ததால். எட்டு வயதுப் பையனும் தகப்பனும் சேர்ந்து செய்த நேர்மையான வேலை அது. மேடையில் அது பாவத்தின் ருசி ஆகிவிட்டது.

ஊர்வலத்துக்கு வருவோம். உனக்கு ஐந்து வயது, காய்ச்சல். வைகாசி வெயில், கருடசேவை நாள். ஆஸ்பத்திரியிலிருந்து உன்னை எடுத்துக்கொண்டு வரும்போது வீதியை அடைத்துவிட்டார்கள். முன்னேயும் போக முடியாது, பின்னேயும் போக முடியாது. கூட்டத்தின் நடுவில் உனக்கு மூச்சு முட்டியது. காற்று கிடைக்கட்டும் என்று உன்னைத் தோளுக்குமேல் தூக்கிப் பிடித்தேன். உனக்குக் கருடன் தெரிந்திருக்கலாம். எனக்கு உன் கால்தான் தெரிந்தது, அது கொதித்தது. அங்கே உறவுக்காரர் வீட்டு வாசலில் நின்றிருந்த சரோஜா எங்களைப் பார்த்துவிட்டுக் கூட்டத்தில் இறங்கி வந்து, ஆட்களை விலக்கி, உள்ளே அழைத்துப்போய்ப் பாயில் கிடத்தி, உனக்கு மோர் கொடுத்தாள். உன் உடம்பு குளிர்ந்தது. சாமி புறப்பாட்டைப் பார்க்கக் காலையிலிருந்து காத்திருந்த பெண், அது வாசலைக் கடந்து போகும்போது உள்ளே உட்கார்ந்து உனக்கு விசிறிக்கொண்டிருந்தாள். இது உனக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. தெரியாவிட்டால் பேசாமல் இருந்திருக்கலாம்.

கூட்டம் நடந்த மறுநாள் காலை சரோஜா வந்தாள். அவள் சண்டைக்கு வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "புள்ள நல்லா பேசிச்சு டீச்சரம்மா, எங்கூட்டுக்காரரு கூட சொன்னாரு" என்று ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் வேறு பேசினாள். போகும்போதுதான் கேட்டாள்: "அது இன்னாம்மா, அந்த மோர மட்டும் ஏன் சொல்லிச்சு? புளிச்சிப் போயிருந்துச்சா?" எபி, நான் பட்டம் வாங்கியவள். பையனுக்குப் புத்தி கொஞ்சம் புளித்துப் போயிருக்கிறது என்று சொல்லிச் சமாளிக்கத்தான் தெரிந்தது.

ஜெபச் சத்தம் கேட்காத வீடு என்றாயே, அது உண்மைதான். நான் சத்தமாக ஜெபிப்பதில்லை. ஆலயத்திலும் தூணுக்குப் பக்கத்தில் உட்காருகிறவள். மற்றவர்கள் காதில் விழும்படி கடவுளிடம் பேச எனக்குக் கூச்சம். எல்லாவற்றையும் உடனே நம்பிவிடவும் எனக்கு வராது. உயிர்த்தெழுந்ததைச் சந்தேகப்பட்ட சீடனைக் கர்த்தர் விரட்டிவிடவில்லை, கிட்டே வந்து காயத்தைத் தொட்டுப் பார் என்றார். அந்தச் சீடனின் பெயரில் மெட்ராஸில் நீ வேலை செய்கிற ஆலைக்குப் பக்கத்தில் ஒரு மலையே இருக்கிறது, தினமும் பஸ்ஸில் கடந்து போகிறாய். அந்த வழியாகத்தான் நான் விசுவாசத்துக்குள் வந்தேன், அங்கேதான் இருக்கிறேன். என் விசுவாசத்தின் அளவு போதாது என்று நீ சொன்னால் வாதாட மாட்டேன். ஆனால் நம் வீடு இருட்டாக இருந்தது என்று சொல்லாதே. உன் அப்பா ஒவ்வொரு வேளையும் தட்டைத் தொடும் முன் கண்ணை மூடுவாரே, அது எதற்கு என்று நினைத்தாய்?

சினிமாவுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைத்துவிடாதே. அதைப் பற்றி உன்னைவிட எனக்குப் புகார்கள் அதிகம். கன்னத்தில் ஓர் அறை விட்டால் படித்த பெண் அடங்கிவிடுவாள் என்று அது சொல்லிக்கொடுக்கிறது. கட்டுரை எழுதச் சொன்னால் என் வகுப்புப் பெண்கள் வசனம் எழுதுகிறார்கள். நடிகனின் படத்துக்குச் சூடம் காட்டுகிற தெரு நமக்கு இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது. வாராவாரம் பத்திரிகையில் வருகிற தொடர்கதையில் ஒருத்தி நெடுநாளாகக் கிணற்றில் குதிக்கப் போய்க்கொண்டே இருக்கிறாள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு படித்துக்கொண்டே இருக்கிறேன். இதையெல்லாம் விசுவாசத்தின் கண்ணால் பார்த்து, எது மனிதனைச் சின்னவனாக்குகிறது, எது ஆக்கவில்லை என்று ஒவ்வொன்றாக யோசிக்கத்தான் வேண்டும். யோசிப்பது கஷ்டம். மொத்தமாக உலகம் என்று பெயர் வைத்துக் கொளுத்திவிடுவது சுலபம். நீ சுலபமானதைச் செய்துவிட்டுக் கஷ்டப்பட்டவன்போல முகத்தை வைத்துக்கொள்கிறாய். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இன்னொன்றும் பார்த்தேன். உங்கள் கூட்டமே சினிமாவிடமிருந்துதான் பாடம் படித்திருக்கிறது. சுவரெல்லாம் பிரசங்கியார் முகம். மேடையில் கலர் விளக்கு. சாட்சிகளை எடுத்துக்கொள். முன்பாதி முழுக்கக் குடி, சீட்டு, சினிமா. பின்பாதியில் மனமாற்றம், கண்ணீர், சுபம். நடுவில் முறுக்கு விற்க இடைவேளை விடாததுதான் பாக்கி. உனக்கு முன்னால் பேசியவர் சாராயம் காய்ச்சியவராம், கூட்டம் மூச்சுவிடாமல் கேட்டது. அடுத்து நீ. நீ என்ன செய்வாய்? பள்ளிக்கூடம், கல்லூரி, வேலை என்று நேர்கோட்டில் வளர்ந்த பையன். முன்பாதியில் காட்ட உன்னிடம் சொந்தமாக ஒரு பாவமும் இல்லை. ஆகவே எங்களுடையதை எடுத்துக்கொண்டாய். நாங்கள் பெற்றவர்கள், எங்களிடமிருந்து எவ்வளவோ எடுத்திருக்கிறாய், இதையும் எடுத்துக்கொள். ஆனால் இப்போது கிருபாவிடம் போய், உன் முன்பாதியைக் கொண்டு வா என்கிறாய். மனைவி என்பவள் உன் கதைக்கு வேண்டிய முன்பாதி இல்லை, எபி. கானா ஊர்க் கல்யாண வீட்டில் திராட்சரசம் தீர்ந்து போனபோது, மணப்பெண் முதலில் எழுந்து சாட்சி சொல்லட்டும், பிறகு பார்க்கலாம் என்று கர்த்தர் சொன்னதாக நான் எங்கும் படிக்கவில்லை. ஜாடியில் தண்ணீர் நிரப்பச் சொன்னார், அது திராட்சரசமாயிற்று, அவ்வளவுதான்.

இனி அந்தப் பாட்டு விஷயம். நான் கிருபாவிடம் நேராகவே கேட்டேன். விட வேண்டும் என்று உனக்கே தோன்றினால் விட்டுவிடேன், பாட்டு போனால் என்ன என்றேன். எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. நான் ரேடியோவை நிறுத்திவிட்டு ஒரு வாரம் இருந்தால் தலைவலி குறையும். அப்போதுதான் அவள் வார்டில் இருக்கிற குழந்தையைப் பற்றிச் சொன்னாள்.

பிள்ளையார்பாளையத்துக் குழந்தை, பெயர் லட்சுமி. சாயம் போடுவதற்கு முன் பட்டு நூலை வேகவைக்கிற அண்டா சாய்ந்து, கொதிக்கிற தண்ணீர் இடுப்பிலிருந்து முழங்கால் வரை கொட்டிவிட்டது. தினமும் காலையில் கட்டு மாற்ற வேண்டும். துணி புண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கும். உப்புத் தண்ணீரை ஊற்றி ஊற்றி நெகிழவைத்தாலும் கடைசியில் இழுத்துத்தான் ஆக வேண்டும். ஆரம்பத்தில் நாலு பேர் பிடித்துக்கொண்டார்களாம். அந்தச் சத்தத்தில் வார்டில் மற்ற குழந்தைகளும் அழ ஆரம்பித்துவிடுமாம். ஒரு நாள் கிருபா தன்னை அறியாமல் ஏதோ சினிமாப் பாட்டை முணுமுணுத்திருக்கிறாள். கதாநாயகன் ஜீப்பில் கதாநாயகியைத் துரத்திக்கொண்டு போகும்போது பாடுகிற பாட்டு. குழந்தை அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டிருக்கிறது.

மீதியை அவள் சொன்னபடியே எழுதுகிறேன். "அந்தப் பாட்டுல நடுவுல ஒரு விசில் வரும், டீச்சர். அந்த எடம் வந்தா லட்சுமியே வாயக் குவிச்சிக்கினு விசில் அடிக்கும். சரியா வராது, வெறும் காத்துதான் வரும். மூச்ச முழுசா வுடும் பாருங்க, அப்போ ஒடம்பு தளந்துடும். அந்த நேரம் பாத்து இழுத்துடுவேன். அது விசிலு முடிக்கறதுக்குள்ள துணி வந்துடும்." இப்போது யாரும் பிடிக்க வேண்டியதில்லையாம். காலையில் கிருபா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே நுழைந்தாலே அந்தக் குழந்தை விசிலுக்கு வாயைத் தயார் செய்துகொள்கிறதாம்.

இதை எபியிடம் சொன்னாயா என்று கேட்டேன். சொன்னாளாம். அதற்குப் பதிலாகக் கர்த்தருடைய பாட்டைப் பாடு என்றாயாம். அவள் ஏற்கெனவே பாடிப் பார்த்திருக்கிறாள். ஞாயிறு பள்ளிப் பாட்டு இரண்டு மூன்று. "அதுல விசில் இல்லீங்களேன்னு சொன்னேன். கிண்டல் பண்றேன்னு கோவிச்சிக்கினாரு" என்றாள். அவள் கிண்டல் செய்யவில்லை, எபி. தன் வேலையைப் பற்றிச் சொன்னாள். உன் ஆலையில் ஒரு மெஷினைப் பற்றி நீ சொன்னால் அவள் அப்படித்தான் கேட்டுக்கொள்வாள் என்று நினைக்கிறேன்.

அவளுடைய தொந்தரவு இதுதான். சபை முன்னால் எழுந்து நின்று அந்தப் பாட்டு பாவம், அதை விட்டுவிட்டேன் என்று சொன்னால், திங்கட்கிழமை காலையில் அதே பாட்டைப் பாட வேண்டியிருக்கும். அல்லது பாடாமல் நாலு பேரைக் கூப்பிட்டுப் பிடிக்கச் சொல்ல வேண்டியிருக்கும். முதலாவது பொய். இரண்டாவது அவளால் முடியாது. உன்னை எதிர்த்துப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. எனக்கும் அவளுக்கும் நடுவில் மேஜைமேல் இருந்த காப்பி ஆறிப்போய் ஆடை கட்டிவிட்டது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "நா மாட்டேன்னு சொன்னா கல்யாணம் நின்னுடுமா, டீச்சர்?"

நிற்காது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். என் மகன் அப்படிப்பட்டவன் இல்லை என்று எந்தத் தாயும் சொல்லியிருப்பாள். ஆனால் எனக்குத் தெரிந்த எபி மயில்களை எண்ணியவன். மைக்கின் முன்னால் நின்றவனை எனக்கு அவ்வளவாகத் தெரியாது. தெரியாததைத் தெரியும் என்று சொல்லி ஒரு பெண்ணை ஒரு வீட்டுக்குள் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. "கேட்டுச் சொல்கிறேன்" என்றேன். அவள் தலையாட்டிவிட்டு, தம்ளரை எடுத்துப் போய்க் கழுவி வைத்துவிட்டுப் போனாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

போதகர் ஐயாவிடம் நானே போய் அதைத் தடுத்திருக்கலாம். உன் அப்பா அப்படித்தான் செய்யச் சொன்னார். நான் போகவில்லை. நான் தடுத்தால் அம்மா குறுக்கே நின்றாள் என்று உனக்கு இன்னொரு சாட்சி கிடைக்கும், அவளுக்கு அந்த முடிச்சு அவிழாமலே இருக்கும். கட்டிய நீதான் அவிழ்க்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தாய் மகனுக்குப் பல புத்திமதிகள் சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்கு இருப்பது ஒன்றுதான். உன்னோடு வாழப் போகிறவள் பகல் முழுவதும் என்ன செய்கிறாள், எதை எதற்காகச் செய்கிறாள் என்று போய்ப் பார்க்காமல் அவளைப் பற்றி ஒரு முடிவும் எடுக்காதே. நம்பச் சொல்லவில்லை, பார்க்கச் சொல்கிறேன்.

மூன்றாவது ஓலைக்கு முந்தின நாள், சனிக்கிழமை, லீவு போட்டுவிட்டு முதல் பஸ்ஸில் வா. வீட்டுக்கு வராதே, நேராக ஆஸ்பத்திரிக்குப் போ. குழந்தைகள் வார்டில் எட்டு மணிக்குக் கட்டு மாற்றுவார்கள். மேட்ரனிடம் நான் சொல்லிவைக்கிறேன், வாசலில் நிற்க விடுவார்கள். கிருபாவிடம் சொல்லவில்லை, நீயும் முன்னாலேயே சொல்லாதே. பாட்டைக் கேள். விசில் வருகிற இடம் வரும்வரை நில். அதற்குப் பிறகும் அந்தப் பாட்டு நிற்க வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் கிருபாவைக் கூப்பிடாதே. அவளை அவள் வேலையைப் பார்க்க விடு. உள்ளே போய், அந்தக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, நாளையிலிருந்து பாட்டு கிடையாது என்று லட்சுமியிடம் நீயே சொல்.

அம்மா